ஒரு சுத்த ரிஷபத்துக்காக

டிராம்போனின் ஸ்லைடை வலது கை எட்டும் மட்டும் வெளியே தள்ளினால் 60 செ.மீ.க்குச் சற்று மேல் போகும். இன்னும் தள்ளினால் வெளிக்குழாய் கழன்று தரையில் விழும். பாஸ் டிராம்போனின் கடந்த இருநூறு ஆண்டுக் கதை முழுவதும், இந்த 60 செ.மீ.யோடு வாத்தியம் செய்பவர்களும் வாசிப்பவர்களும் நடத்திவந்த பேரம்தான். அந்தப் பேரத்தில் பிறந்த ஏற்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரே வால்வு உள்ள பாஸ் டிராம்போனில் கழற்றி மாட்டக்கூடிய இரண்டாவது வால்வு ஒன்றைப் பொருத்துவது. கேட்டால் பட்டறைச் சமாச்சாரமாகத் தோன்றும். அதன் அடியில் இருப்பது ஓர் அழகான ஒலியியல் கணக்கு. சங்கீதம் கேட்டுப் பழகியவர் யாரும் அதைப் பின்தொடர்ந்து வரலாம்.

வாத்தியத்தைப் பற்றி முதலில் நாலு வார்த்தை. ஒரு முனையில் மவுத்பீஸ், மறுமுனையில் அகன்ற பெல், நடுவில் மடித்து வைத்த பித்தளைக் குழாய். உதடுகளை மவுத்பீஸில் ஒட்டவைத்து அதிரவிட்டு ஊத வேண்டும். ட்ரம்பெட்காரர் விரலால் வால்வுகளை அழுத்திச் செய்கிற வேலையை டிராம்போன்காரர் குழாயையே நீட்டியும் குறுக்கியும் செய்கிறார். பேண்டு அணிவகுப்பில் இவர்களை முன்வரிசையில் நிறுத்துவதற்கு இதுவே காரணம்: பின்னால் நின்றால் முன்னே போகிறவரின் முதுகில் ஸ்லைடு இடிக்கும். இன்றைய பாஸ் டிராம்போனும் சாதாரண டெனர் டிராம்போனும் நீளத்தில் ஒன்றுதான், ஏறத்தாழ 2.75 மீட்டர். பாஸ் வாத்தியத்தில் உள்துளை கொஞ்சம் பெரிது, வழக்கமாக 14.3 மி.மீ. பெல்லும் அகலம். மந்திர ஸ்தாயியில் கனமாகப் பேசுவதற்கு அந்த அகலம் உதவுகிறது.

ஸ்லைடை முழுவதும் உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு உதட்டின் இறுக்கத்தை மட்டும் மாற்றி ஊதினால் சில குறிப்பிட்ட ஸ்வரங்கள்தான் வரும். குழாய்க்குள் இருக்கும் காற்றுத் தம்பம் எந்தெந்த அதிர்வெண்களில் ஒத்ததிர்கிறதோ அவை மட்டும். மேற்கத்தியர் பி ஃபிளாட் என்று சொல்லும் 116.5 ஹெர்ட்ஸை நாம் நடு ஸ்தாயி ஸட்ஜமம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேலே பஞ்சமம், மேல் ஸட்ஜமம், அந்தர காந்தாரம், மறுபடி பஞ்சமம் என்று ஏறும். தம்புராவின் மந்திரக் கம்பியில் காது கொடுத்துக் கேட்டால் தானாக எழும் அதே காந்தாரம் இது. நம் ஸ்வரஸ்தானங்களுக்கும் மேற்கின் பன்னிரண்டு சமப் பங்குகளுக்கும் நூலிழை வித்தியாசம் உண்டு. இந்தக் கட்டுரையின் கணக்குக்கு அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இந்த ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை நிரப்புவதுதான் ஸ்லைடின் வேலை. ஸட்ஜமத்துக்கும் அதன் மேலுள்ள பஞ்சமத்துக்கும் இடையில் ஆறு ஸ்வரஸ்தானங்கள். பஞ்சமத்திலிருந்து ஸ்லைடை ஆறு படி வெளியே தள்ளினால் அந்த ஆறும் கிடைத்துவிடும். டிராம்போன் ஸ்லைடுக்கு ஏழு நிலைகள் என்று ஆனது இப்படித்தான். அந்த இடைவெளிக்கு ஏழு நிலை கச்சிதமாகப் போதும்.

சிக்கல் ஸட்ஜமத்துக்குக் கீழே தொடங்குகிறது. அடுத்த இயல்பான ஸ்வரம் ஒரு முழு ஸ்தாயி கீழே, 58.3 ஹெர்ட்ஸில் இருக்கும் மந்திர ஸட்ஜமம். நடுவில் பதினொரு ஸ்வரங்கள். ஏழு நிலைகளை வைத்துக்கொண்டு காகலி நிஷாதம், கைசிகி நிஷாதம், இரண்டு தைவதங்கள், பஞ்சமம், பிரதி மத்யமம் வரை இறங்கலாம். அங்கே கை முடிந்துவிடுகிறது. சுத்த மத்யமம், அந்தர காந்தாரம், சாதாரண காந்தாரம், சதுச்ருதி ரிஷபம், சுத்த ரிஷபம் ஆகிய ஐந்தும் ஸ்லைடு மட்டும் உள்ள டிராம்போனில் இல்லை. அவற்றைத் தாண்டி மந்திர ஸட்ஜமம் மட்டும் தனித் தீவாக நிற்கும்.

அந்தத் தீவைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் போக மனமில்லை. 58.3 ஹெர்ட்ஸில் இந்தக் குழாய்க்கு ஒத்ததிர்வே கிடையாது. கருவி வைத்து அளந்தால் முதல் ஒத்ததிர்வு 40 ஹெர்ட்ஸ் அளவில், எந்த ஸ்வரத்துக்கும் பொருந்தாத ஓர் இடத்தில் இருக்கும். 116, 175, 233 ஹெர்ட்ஸில் உள்ள மேல் ஒத்ததிர்வுகள் மூன்றும் சேர்ந்து உதட்டுக்குத் தாளம் கொடுக்க, அவற்றுக்கெல்லாம் பொதுவான 58 என்ற அதிர்வு நிலைத்து நிற்கிறது. ஒத்ததிர்வுகள் இப்படிக் கூட்டுச் சேர்ந்து ஒரு ஸ்வரத்தைத் தாங்குவதை அமெரிக்க இயற்பியலாளர் ஆர்தர் பெனேட் விரிவாக ஆராய்ந்து எழுதினார். ஆளே இல்லாத வீட்டில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து விளக்கேற்றுவது போன்ற காரியம்.

இனி கணக்கு. ஒரு ஸ்வரஸ்தானம் கீழே போக வேண்டுமானால் குழாயின் அப்போதைய நீளத்தில் 5.95 சதவீதம் கூட்ட வேண்டும். "அப்போதைய" என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. 2.75 மீட்டரில் 5.95 சதவீதம் 16.4 செ.மீ. ஸ்லைடு போகவும் வரவும் இரட்டைக் குழாயாக இருப்பதால் கை பாதி தூரம் நகர்ந்தால் போதும்: 8.2 செ.மீ. ஆறாவது படிக்கு வரும்போது குழாய் ஏற்கெனவே 3.67 மீட்டர் ஆகிவிட்டது, அதில் 5.95 சதவீதத்துக்குக் கை 10.9 செ.மீ. போக வேண்டும். கீழே இறங்க இறங்கப் படிகள் அகன்றுகொண்டே போகும். ஆறு படிகளும் சேர்ந்து 57 செ.மீ. நீளங்கள் கூட்டலில் நடக்கின்றன, ஸ்ருதி பெருக்கலில் நடக்கிறது. பாஸ் டிராம்போனின் எல்லாத் தொல்லைகளும் இந்த ஒரு பொருத்தமின்மையின் பிள்ளைகள்.

பழைய காலத்தில் நேர்வழியில் போனார்கள். கீழ் ஸ்வரம் வேண்டுமா, குழாயையே நீளமாகச் செய். ஜெர்மன் நாடுகளில் எஃப் ஸ்ருதியில் பாஸ் டிராம்போன் இருந்தது. இங்கிலாந்தில் ஜி ஸ்ருதியில் ஒன்று இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை புழக்கத்தில் இருந்தது. இவற்றின் கடைசி நிலைகளை மனிதக் கை எட்டாது. அதனால் ஸ்லைடில் கீல் வைத்த ஒரு கைப்பிடியைப் பொருத்தி, அதைப் பிடித்துத் தள்ளினார்கள். வேகமான இடங்களில் அது பெரும்பாடு.

1839இல் லைப்சிக் நகரத்தின் கிறிஸ்டியன் ஃப்ரீட்ரிக் சாட்லர் வேறு வழி காட்டினார். சாதாரண டிராம்போனின் பெல் பக்கத்தில் சுருட்டி வைத்த கூடுதல் குழாய் ஒன்று, அதன் வாயிலில் ஒரு சுழல் வால்வு. இடது கைக் கட்டைவிரலால் நெம்புகோலை அழுத்தினால் உள்ளே இருக்கும் உருளை கால் வட்டம் திரும்பி, காற்று வழியைக் கூடுதல் குழாய்க்குள் திருப்பிவிடும். அந்தக் குழாயின் நீளம் சுமார் 92 செ.மீ. மொத்தம் 3.67 மீட்டர் ஆகி, ஸ்லைடை நகர்த்தாமலே மந்திர பஞ்சமம் வந்துவிடும். மேற்கத்தியப் பெயரில் அது எஃப். அதனால் எஃப் வால்வு.

இப்போது பஞ்சமத்திலிருந்து ஸ்லைடில் இறங்கலாம். ஆனால் குழாய் நீண்டுவிட்டதே, படிகளும் நீண்டுவிடும். முதல் படியே 10.9 செ.மீ. பிரதி மத்யமம், சுத்த மத்யமம், இரண்டு காந்தாரங்கள், சதுச்ருதி ரிஷபம் என்று ஐந்து படி இறங்குவதற்குள் 61 செ.மீ. ஆகிவிடும். ஸ்லைடு கழன்று விழும் எல்லை அது. ஏழு நிலைகள் இருந்த இடத்தில் ஆறுதான் மிச்சம். சுத்த ரிஷபத்துக்கு 76 செ.மீ. வேண்டும். அதற்கு இடமும் இல்லை, கையும் இல்லை.

மந்திர ஸட்ஜமத்துக்கு அடுத்த வீட்டில் இருக்கும் ஒரே ஒரு ஸ்வரம். 61.7 ஹெர்ட்ஸ், மேற்கத்தியப் பெயர் பி. நூறாண்டுக்கும் மேலாக பாஸ் டிராம்போன்காரர்களைத் தவிக்கவைத்தது இதுதான். எஃப் குழாயின் ட்யூனிங் ஸ்லைடை அரையடிக்கும் மேல் வெளியே இழுத்து வைத்துக்கொண்டால் வால்வு பிரதி மத்யமத்துக்கும் சற்றுக் கீழே இறங்கும், சுத்த ரிஷபமும் ஸ்லைடின் விளிம்பில் எப்படியோ ஒட்டிக்கொண்டு கிடைக்கும். ஆனால் அப்படி இழுத்த பிறகு வால்வில் பஞ்சமம் கிடைக்காது. மறுபடி உள்ளே தள்ளுவதற்கு இசையில் ஓய்வு இருக்க வேண்டும்.

இசையமைப்பாளர்கள் இதற்காகக் காத்திருப்பார்களா? பேலா பார்டோக் 1943இல் நியூயார்க் மாநிலத்தின் சரனாக் ஏரிக்கரையில் நோயோடு இருந்தபடி, ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கத்துக்குள் 'இசைக்குழுவுக்கான கான்செர்டோ' எழுதினார். 1944 டிசம்பர் 1 அன்று பாஸ்டனில் செர்ஜ் கூசெவிட்ஸ்கி அதை அரங்கேற்றினார். நான்காம் பகுதியில் பாஸ் டிராம்போனுக்கு ஒரு வழுக்கல் வருகிறது: அந்தச் சுத்த ரிஷபத்தில் தொடங்கி, நடுவில் எங்கும் அறுபடாமல், பஞ்சமம் வரை. மத்திய ஐரோப்பாவின் கைப்பிடி வைத்த எஃப் பாஸ் டிராம்போனில் கடைசி நிலையிலிருந்து முதல் நிலைக்கு இழுத்தால் போதும், அது அப்படியே வந்துவிடும். பார்டோக் அந்த வாத்தியத்தை மனதில் வைத்து எழுதியிருப்பார் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஒரு வால்வு வாத்தியம் வைத்திருப்பவருக்குத் தொடக்க ஸ்வரமே இல்லை.

1950களிலும் 60களிலும் அமெரிக்க இசைக்குழுக்களின் பாஸ் டிராம்போன்காரர்கள் இரண்டாவது வால்வைத் தேடிப் போனார்கள். தனித்தனி வாசிப்பவர்களுக்காகப் பட்டறைகளில் செய்துபார்த்தது பிறகு தொழிற்சாலை மாடல்களாக வந்தது. 1969இல் ஆலன் ராஃப் இரட்டை வால்வு பாஸ் டிராம்போனுக்கென்றே பயிற்சி நூல் வெளியிட்டார்.

இரண்டாவது வால்வை வைப்பதற்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் இரண்டு வால்வுகளும் பிரதானக் குழாயின்மேல் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். எதையும் தனியாக அழுத்தலாம், சேர்த்தும் அழுத்தலாம். இதற்குச் சுயேச்சை அமைப்பு என்று பெயர். மற்றதில் இரண்டாவது வால்வு எஃப் சுருளுக்குள்ளேயே இருக்கும். முதல் வால்வை அழுத்தாமல் இரண்டாவதை மட்டும் அழுத்தினால் ஒன்றும் நடக்காது, காற்று அந்தப் பக்கமே போவதில்லை. இது சார்பு அமைப்பு. பலர் சார்பு அமைப்பைப் பழசு, மட்டம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல மறுபடி கணக்குக்குப் போக வேண்டும்.

சுயேச்சை அமைப்பில் இரண்டாவது வால்வைப் பெரும்பாலும் ஜி ஃபிளாட்டில், அதாவது நம் கணக்கில் சுத்த தைவதத்தில் வைப்பார்கள். ஸட்ஜமத்திலிருந்து நாலு படி கீழே. எஃப் வால்வு ஐந்து படி கீழே. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்? ஐந்தும் நாலும் ஒன்பது, சாதாரண காந்தாரம் வர வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். வருவது அந்தர காந்தாரம், எட்டே படி! தைவத வால்வின் குழாய் 71.5 செ.மீ. அது 2.75 மீட்டர் குழாயை நாலு படி இறக்குவதற்காக வெட்டியது. எஃப் வால்வும் திறந்திருக்கும்போது குழாய் 3.67 மீட்டர். அதே 71.5 செ.மீ. இந்த நீளத்தை மூன்று படிக்குச் சற்று மேல் மட்டுமே இறக்கும். மொத்தம் 4.39 மீட்டர், எட்டு படியும் அதற்கு மேல் 8 சென்ட்டும். ஒரு ஸ்வரஸ்தானத்துக்கு 100 சென்ட் என்பது ஒலியியலாளர் கணக்கு. அந்த எட்டு சென்ட்டை ஸ்லைடாலும் சரிசெய்ய முடியாது, ஸ்லைடு ஏற்கெனவே முழுவதும் உள்ளே இருக்கிறது. குழாயைக் கொஞ்சம் குறைத்தால் சேர்ந்து அழுத்தும்போது சரியாகும், தனியாக அழுத்தும்போது தைவதம் ஏறிவிடும். ட்ரம்பெட்டில் ஒன்றாம் மூன்றாம் வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது ஸ்ருதி ஏறிப்போவதும் இதே காரணத்தால்தான்.

சார்பு அமைப்பில் இந்த இழுபறி இல்லை. இரண்டாவது சுருள் ஒருபோதும் தனியாக வேலை செய்வதில்லை, எப்போதும் 3.67 மீட்டருக்கு மேல்தான் சேர்கிறது. ஆகவே அந்த ஒரே நிலைமைக்கு அச்சொட்டாக அதை வெட்டிக்கொள்ளலாம். அந்தர காந்தாரத்துக்கு, அதாவது டி ஸ்ருதிக்கு, இறக்க வேண்டுமானால் 69.5 செ.மீ. சுத்த மத்யமம், அதாவது ஈ ஃபிளாட் போதுமென்றால் 45 செ.மீ. சமரசம் எதுவும் வேண்டியதில்லை.

இரண்டில் எது? டி சுருளோடு சதுச்ருதி ரிஷபம் 27 செ.மீ.யிலும், நம் சுத்த ரிஷபம் 41 செ.மீ.யிலும் வந்துவிடுகின்றன. முன்பு 61 செ.மீ. கை நீட்டிய இடத்துக்கு இப்போது முழங்கை மடங்கியபடியே போகலாம். ஈ ஃபிளாட் சுருளில் அவை 39, 53.5 செ.மீ. வேகமான இடங்களில் டி வசதி, சுருள் சின்னதாகவும் எடை குறைவாகவும் இருக்க வேண்டுமென்றால் ஈ ஃபிளாட். பார்டோக்கின் வழுக்கலை மட்டும் இரண்டுமே முழுதாகத் தீர்ப்பதில்லை. சுத்த ரிஷபத்தில் தொடங்கி ஸ்லைடை உள்ளே இழுத்துக்கொண்டே வந்தால் டி சுருளில் அந்தர காந்தாரத்தோடு பாதை முடிந்துவிடும். மேலே ஏற இரண்டாவது வால்வை விடவேண்டும், விட்ட கணத்தில் ஸ்லைடு 35 செ.மீ. வெளியே பாய வேண்டும். எந்த ஸ்வரத்தில் விட்டாலும் அதே 35 செ.மீ.தான், சுருளின் நீளத்தில் சரிபாதி. அந்தப் பாய்ச்சலைக் காதில் விழாமல் மறைப்பது வாசிப்பவரின் சாமர்த்தியம்.

இனி கழற்றி மாட்டுகிற விஷயம். எஃப் சுருளில் ஏற்கெனவே ஒரு ட்யூனிங் ஸ்லைடு உண்டு: இரண்டு கால்களுள்ள வளைந்த குழாய், இழுத்தால் கையோடு வந்துவிடும். அதை எடுத்துவிட்டால் எஃப் சுருளின் பாதை நடுவில் திறந்து கிடக்கும். அந்த இடத்தில், அதே கால் இடைவெளியும் அதே குறுக்களவும் உள்ள இரண்டு கால்கள்மேல் ஒரு சிறு சுழல் வால்வையும் அதன் சுருளையும் கட்டி, பழைய வளைவுக்குப் பதிலாகச் செருகிவிட வேண்டும். அவ்வளவுதான் தத்துவம். சார்பு அமைப்பில் மட்டுமே இது முடியும். வாத்தியத்தின் பிரதானக் குழாயில் அறுவையும் இல்லை, பற்றவைப்பும் இல்லை. ஈயப் பற்று இளக 180 டிகிரிக்கு மேல் சூடு காட்ட வேண்டும். அந்தச் சூட்டில் பக்கத்து மூட்டுகளும் இளகலாம், மேற்பூச்சு கருகும். பல பத்தாண்டு வாசிக்கப்பட்ட நல்ல பெல் பகுதிக்கு அந்தத் தண்டனை தேவையே இல்லை.

தத்துவம் எளிது, வேலை எளிதல்ல. முதலாவது நீளம். இரண்டாவது வால்வை அழுத்தாதபோது எஃப் சுருள் பழைய 92 செ.மீ.யாகவே இருக்க வேண்டும். புதிய தொகுதிக்குள் காற்று நேராகப் போகும் வழி பழைய வளைவைவிட 2 செ.மீ. கூடினால் எஃப் 9 சென்ட் இறங்கிவிடும். 9 சென்ட் என்பது இசைக்குழுவில் பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவு. பழைய ட்யூனிங் ஸ்லைடு எவ்வளவு வெளியே இழுத்த நிலையில் சுருதி சேர்ந்தது என்று முன்கூட்டியே அளந்து வைத்துக்கொண்டால் எத்தனை செ.மீ. இடம் கையில் இருக்கிறது என்று தெரியும். அதற்குள் தொகுதியை அடக்க வேண்டும்.

அடுத்தது கால்கள். இரண்டும் மயிரிழை பிசகாமல் இணையாக இருந்தால்தான் ஸ்லைடு வழுக்கி உள்ளே போகும். கொஞ்சம் விரிந்திருந்தாலும் பாதியில் இறுகும். மெல்லிய அரைப்பொடி கலந்த எண்ணெய் தடவி முன்னும் பின்னும் தேய்த்துத் தேய்த்துப் பதமாக்குவார்கள். அதிகம் தேய்த்துவிட்டால் காற்று கசியும், பிறகு அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. கசிவைச் சோதிக்க வாசிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது. வால்வை அழுத்தாமல் அதன் ட்யூனிங் ஸ்லைடைச் சில செ.மீ. இழுத்து, மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு நெம்புகோலை அழுத்த வேண்டும். இழுத்தபோது உள்ளே உண்டான வெற்றிடம் கெடாமல் இருந்தால் "டப்" என்று பளிச்சென வெடிக்கும். சத்தமே இல்லையென்றால் எங்கோ காற்று புகுந்துவிட்டது. இரண்டாவது வால்வின் சுருளிலும் இதே சோதனையைச் செய்துபார்க்கலாம்.

வால்வுக்குள் திரும்பும் உருளை, அதாவது ரோட்டார், நிற்கும் இடம் இன்னும் நுட்பமானது. அழுத்தினால் கால் வட்டம், விட்டால் அதே கால் வட்டம், நடுவில் எங்கும் தங்கக் கூடாது. வால்வின் பின்பக்க மூடியைத் திருகிக் கழற்றினால் அச்சின் நுனியில் வெட்டிய குறியும் தாங்கு தகட்டில் உள்ள குறியும் தெரியும். இரண்டு நிலையிலும் அவை நேர்கோட்டில் வர வேண்டும். நெம்புகோல் மோதி நிற்கும் சிறு ரப்பர் அல்லது கார்க் துண்டைப் பிளேடால் சீவிச் சீவித்தான் இதைச் சரிசெய்வார்கள். 4 செ.மீ. குறுக்களவுள்ள ரோட்டாரில் ஒரு டிகிரி பிசகினால் விளிம்பில் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் படி உண்டாகும். காற்று அலை அந்தப் படியில் ஒரு பகுதி திரும்பி வரும். கேட்பவருக்கு அது தெரியாமல் போகலாம். ஊதுகிறவரின் உதட்டுக்குத் தெரியும்.

இந்தத் தொகுதியின் எடை இரண்டு மெல்லிய கால்களில் தொங்குகிறது என்பதையும் மறக்கக் கூடாது. முதலிலேயே இரண்டு கிலோவைத் தொடும் வாத்தியத்தை இடது கை மட்டும்தான் தாங்குகிறது, வலது கை ஸ்லைடோடு ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே ஒரு திருகு கவ்வி போட்டுத் தொகுதியைப் பக்கத்து முட்டுக்கம்பியோடு பிடித்துவைக்க வேண்டும். அந்தக் கவ்வியும் பற்றவைப்பு இல்லாமல் கழல வேண்டும். நெம்புகோலை இடது கையின் நடுவிரலுக்கு வருமாறு வைப்பது இன்றைய வழக்கம். ஆரம்ப காலத்தில் இரண்டு நெம்புகோலையும் கட்டைவிரலுக்கே கொடுத்தார்கள், பாவம் அந்த விரல். கூடுதல் சுருளில் மூச்சின் ஈரம் தண்ணீராகத் தேங்கும். வாசிப்புக்கு நடுவே ஸ்லைடை உருவி அதைக் கொட்ட வேண்டிய வேலையும் ஒன்று கூடுகிறது.

வால்வு போட்டதும் சுத்த ரிஷபம் சுலபமாக வந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். இரண்டு வால்வும் அழுத்தி ஸ்லைடும் 41 செ.மீ. வெளியே இருக்கும்போது குழாயின் நீளம் 5.19 மீட்டர். உதடு எழுப்பிய முதல் அலை பெல் வரை போய், அங்கே பிரதிபலித்து, திரும்பி உதட்டுக்கு வந்துசேர ஒரு நொடியில் நூறில் மூன்று பங்கு ஆகும். 61.7 ஹெர்ட்ஸ் அதிர்வு அதற்குள் இரண்டு சுற்று முடித்துவிட்டிருக்கும். அந்த இரண்டு சுற்றுக்கும் குழாயிடமிருந்து எந்த உதவியும் வராது. உதடு சரியான ஸ்ருதியை மனதிலிருந்தே எடுத்து அதிர வேண்டும். தவறான அதிர்வோடு தொடங்கினால் திரும்பி வரும் அலை அதோடு மோதும், ஸ்வரம் இடறிக்கொண்டு பிறக்கும். குழாய்ச் சுவரில் உரசியும் வெப்பமாகியும் அலை இழக்கும் சக்தியும் நீளத்தோடு கூடுகிறது. அதனால் ஒத்ததிர்வின் பிடி தளர்ந்து, ஊதும்போது அடைத்துக்கொண்டது போன்ற உணர்வு வரும். வளைவுகள் அதிகமாக இருப்பதே இதற்குக் காரணம் என்று பலர் வால்வைத் திட்டுவார்கள். இவ்வளவு நீண்ட அலைகளுக்கு வளைவு பெரிய பொருட்டல்ல. நீளமும், துளையின் அகலம் திடீரென்று மாறும் இடங்களும், கசிவும்தான் முக்கியம்.

வழியின் அகலமும் வளைவும் குறித்து வாசிப்பவர்களுக்கு இருந்த குறையைப் போக்கப் புதிய வால்வுகள் வந்ததும் உண்மை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் எட் தேயர் 1970களில் கூம்பு வடிவ ரோட்டாரைக் கொண்டுவந்தார், அதில் காற்று வழி மிகக் கொஞ்சமே திரும்புகிறது. ஜெனீவாவில் ரெனே ஹாக்மன் வடிவமைத்த வால்வும் பரவலாகப் புழங்குகிறது. எஃப் சுருளுக்குள் செருகுகிற சிறு தொகுதிக்கு இவை பருமன் அதிகம். நன்றாகச் செய்த சாதாரண சுழல் வால்வே இங்கே போதும்.

இரண்டாவது வால்வு எல்லோருக்கும் வேண்டுமா என்ற கேள்வியை விட்டுவிட்டுப் போவது நியாயமில்லை. ஸ்டான் கென்டன் இசைக்குழுவிலும் பிறகு ஹாலிவுட் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் பாஸ் டிராம்போனைத் தனிக்குரலாக்கிய ஜார்ஜ் ராபர்ட்ஸ் ஒரே வால்வு வாத்தியத்தில்தான் புகழ்பெற்றார். அந்தக் குரலின் இலகுவை இரட்டை வால்வின் கனத்தோடு கொண்டுவருவது கடினம் என்பது என் எண்ணம். கோயர் பாட்டு, ஜாஸ், பழைய சிம்பனிகள் இவற்றில் பெரும்பகுதிக்குச் சுத்த ரிஷபம் தேவைப்படுவதே இல்லை. தேவைப்படும் நாளில் அது இல்லாமல் முடியாது. தேவைக்கு மாட்டி, தேவை தீர்ந்ததும் கழற்றி வைப்பது இரண்டு நிலைமைக்கும் நேர்மையான பதில். நிரந்தரமாக இரட்டை வால்வு வாசிக்கும் தொழில்முறைக் கலைஞருக்குச் சுயேச்சை அமைப்பு தரும் கூடுதல் விரல்வழிகள் பயனுள்ளவை, அவர் புது வாத்தியமே வாங்கட்டும். நல்ல ஒற்றை வால்வு வாத்தியம் ஏற்கெனவே கையில் இருப்பவர் அதை அறுக்க வேண்டாம்.

அப்படி ஒன்று உங்களிடம் இருந்து பட்டறைக்குப் போவதாக இருந்தால், எஃப் ஸ்லைடு சுருதி சேரும்போது எத்தனை மி.மீ. வெளியே நிற்கிறது என்று நன்றாக வாசித்துச் சூடேறிய பிறகு அளந்து குறித்துக்கொண்டு போங்கள். வேலை முடிந்ததும் இரண்டு சுருளிலும் அந்த "டப்" கேட்கிறதா என்று அங்கேயே பாருங்கள். கழற்றி எடுத்த பழைய வளைவைப் பெட்டியிலேயே பத்திரமாக வையுங்கள். அது இருக்கும்வரைதான் உங்கள் வாத்தியத்தைப் பழையபடி மாற்றிக்கொள்ள முடியும்.